காலத்தை முந்திய கார் ஒன்று விற்பனையில் தோற்றது ஏன்?

காலத்தை முந்தியும் விற்பனையில் தோற்ற கார் என்றால், ஜெர்மனியின் என்.எஸ்.யு. நிறுவனம் 1967இல் கொண்டுவந்த ஆர்ஓ 80 காரைத்தான் முதலில் சொல்வேன். மேலும் கீழும் ஓடும் பிஸ்டனே இல்லாத வாங்கெல் எஞ்சின். அதற்குப் பதில் இரண்டு முக்கோணச் சுழலிகள். அதிர்வே தெரியாது. 1968இன் ஐரோப்பியச் சிறந்த கார் விருதும் கிடைத்தது.

வினை சுழலியின் முனைகளில் இருந்தது. அங்கே வாயுக் கசிவைத் தடுக்கும் சிறு பட்டைகள் சீக்கிரமே தேய்ந்தன; பல வண்டிகளுக்கு எஞ்சினையே இலவசமாக மாற்றித்தர வேண்டியதாயிற்று. சிறிய நிறுவனம், எத்தனை எஞ்சின்களைத்தான் தாங்கும்? 1969இல் ஃபோக்ஸ்வாகன் அதை விழுங்கி, ஆட்டோ யூனியன் என்ற கார் நிறுவனத்தோடு இணைத்தது.

பிறகு குறை பெருமளவு சரியானது. கெட்ட பெயர் போகவில்லை. பெட்ரோலையும் தாராளமாகக் குடிக்கும் வண்டி; 1973 எண்ணெய் நெருக்கடியில் யார் சீண்டுவார்? 1977இல் உற்பத்தி நின்றபோது மொத்தம் சுமார் 37,000 கார்களே தயாராகியிருந்தன.