நீண்ட விடுமுறை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பானியப் பாடகர் எய்ச்சி ஓத்தாகியின் ‘எ லாங் வெகேஷன்’ ஆல்பத்தை இரவில் அலுவலக வேலை பார்க்கும்போது ஓடவிடுகிறேன். இதமாக இருக்கிறது. ஆனால் அறுபதுகளின் அமெரிக்கப் பாப்பின் நகல்போலவும் தோன்றுகிறது. ஜப்பானிய மொழி தெரியாமல் இதை எப்படி ரசிப்பது?

ச.

அன்புள்ள ச.,

நகல் குற்றச்சாட்டு பழையது. அறுபதுகளின் அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் மீதுள்ள பித்தை ஓத்தாகி ஒருநாளும் மறைத்ததில்லை. பல கிதார்கள், பல பியானோக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வாசித்து ஒற்றை ஒலியாகத் திரளும் முறை அங்கிருந்து வந்ததுதான். அதனால் என்ன? மொழிக் கேள்வியையும் விடுங்கள். தெலுங்கு தெரியாமல் தியாகராஜரைக் கேட்டு உருகுகிறவர்கள் நாம்.

‘இதமாக’ இருக்கிறதாம்! ஹிரோஷி நகாய் வரைந்த அந்த நீச்சல்குள அட்டையைப் பார்த்து எல்லோரும் இப்படித்தான் மயங்குகிறார்கள். இசையமைப்பு, இசைக்கோவை, ஒலிப்பதிவு எல்லாம் ஓத்தாகிதான். சில வேலைகளுக்குப் புனைபெயர் வேறு. அப்படி எல்லாவற்றிலும் கைவைக்கிற மனிதர் வரிகளை மட்டும் பழைய ‘ஹாப்பி எண்ட்’ ராக் குழுத் தோழர் தகாஷி மாட்சுமோட்டோவிடம் விட்டார். ஆல்பம் 1980 கோடையில் வரவேண்டியது. அப்போது மாட்சுமோட்டோவின் தங்கை இதயநோயால் இறந்துபோனாள். என்னால் எழுத முடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்றார் அவர். ஓத்தாகி பார்க்கவில்லை. வெளியீட்டையே தள்ளிப்போட்டுக் காத்திருந்தார். 1981 மார்ச் 21 அன்றுதான் ஆல்பம் வந்தது.

ஓத்தாகியே எழுதியிருக்கலாமே? அவருக்குத் தெரியாத வேலையா? இதே ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு அவர்தான் வரி எழுதியிருக்கிறார். ஆனால் மற்றவற்றில் தொடவில்லை. தயாரிப்பாளர் என்றால் பொத்தான்களைத் திருகுகிறவர் என்று நினைக்கிறீர்கள். யாருடைய இடத்தைத் தான் நிரப்பக்கூடாது என்று தெரிந்தவரே தயாரிப்பாளர். நம் ‘மேதை’ வழிபாட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. மேதை தனியாகத்தான் செய்வான் என்று யார் சொன்னது?

தங்கை இறந்தபின் டோக்கியோவின் ஷிபுயா தெருவில் நடந்தபோது ஊரே நிறமிழந்து தெரிந்ததாக மாட்சுமோட்டோ சொல்லியிருக்கிறார். முதல் பாட்டு ‘கிமி வா தென்னென்ஷோகு’ (‘நீ இயற்கை வண்ணம்’), கறுப்பு வெள்ளையாகிவிட்ட நினைவுக்கு நிறம் பூசு என்று கேட்கிறது. மெட்டோ குதித்துக்கொண்டு போகிறது. துக்கத்துக்குத் துக்க மெட்டு போடாத அந்தத் துணிச்சலை நான் வேறெங்கும் அதிகம் கேட்டதில்லை.

அந்தப் பாட்டின் தொடக்கத்தைக் கவனித்தீர்களா? வாத்தியக்காரர்கள் சுருதி சேர்க்கிறார்கள், டிரம் குச்சி எண்ணிக்கை கொடுக்கிறது, பிறகு அத்தனை பேரும் சேர்ந்து இறங்குகிறார்கள். எக்செல் திறந்திருந்தால் இது காதில் விழாது. மொத்தமே சுமார் 40 நிமிடம். மடிக்கணினியை மூடிவிட்டுக் கேளுங்கள், பிறகு நகலா இல்லையா என்று சண்டைக்கு வாருங்கள்.