கேம் ஆஃப் த்ரோன்ஸ் 8ஆம் சீசன் 3ஆம் எபிசோட் ஏன் ஒன்றுமே தெரியாத அளவு இருட்டாக இருந்தது? டிவி கோளாறா?

2019 ஏப்ரல் 28 அன்று எச்பிஓவில் வந்த 82 நிமிட எபிசோட் அது. விண்டர்ஃபெல் போர் முழுக்க இரவில் நடக்கிறது. யார் யாரை வெட்டுகிறார்கள் என்றே தெரியவில்லை என்று பார்த்தவர்கள் கொதித்தார்கள். பலருக்கு டிவியைச் சரியாக செட் பண்ணத் தெரியவில்லை என்றார் ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர். அது பாதி உண்மைதான்.

மீதிக் காரணம் வீடியோ கம்ப்ரஷன், அதாவது அனுப்புவதற்காக வீடியோவின் டேட்டாவைச் சுருக்குவது. 8-பிட் வீடியோவில் கருப்பிலிருந்து வெள்ளை வரை சுமார் 220 வெளிச்சப் படிகள்தான் உண்டு. இருட்டுக் காட்சி அடிமட்டத்துச் சில படிகளுக்குள் அடங்கிவிடும். பிட்ரேட் (ஒரு நொடி வீடியோவுக்கு ஒதுக்கும் டேட்டா) போதாதபோது, வீடியோவைச் சுருக்கும் என்கோடர் முதலில் கைவைப்பது அந்த நுண்ணிய வித்தியாசங்களில்தான். போதாக்குறைக்கு, புகையும் பனியும் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறிக்கொண்டே இருப்பதால் இருக்கிற பிட்டுகளையும் அவையே விழுங்கிவிடும். கடைசியில் முகம் தெரிய வேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டங்கள்தான் மிஞ்சும்.

மறுபடி பார்ப்பதானால் அறை விளக்கை அணைத்துவிடுங்கள். பிக்சர் மோடை சினிமாவுக்கு மாற்றி, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் எக்கோ மோடையும், காட்சிக்கு ஏற்ப வெளிச்சத்தைத் தானாக மாற்றும் டைனமிக் கான்ட்ராஸ்டையும் ஆஃப் செய்யுங்கள். பிரைட்னஸை மட்டும் ஏற்றாதீர்கள். பல டிவிகளில் அது கருப்பைச் சாம்பலாக்கிவிடும், கட்டங்கள் இன்னும் துருத்திக்கொண்டு தெரியும். ஏற்ற வேண்டியது பேக்லைட்டை, அதாவது திரைக்குப் பின்னால் உள்ள விளக்கின் வெளிச்சத்தை. ப்ளூ-ரே கிடைத்தால் அதையே எடுங்கள். ஸ்ட்ரீமிங்கைவிட பிட்ரேட் மிக அதிகம்.