மூன்று நாள் வகுப்புக்கு ஏழு நாள் மூடிய கதவு

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் வசிக்கிறோம். நான் கோட்டையில் ஒரு நிறுவனத்தில் கணக்காளர். காலை நாலே முக்காலுக்கு எழுந்து சமைத்து, ஆறேகாலுக்குப் பிள்ளைகளைப் பாடசாலை வேனில் ஏற்றிவிட்டு, நானும் பஸ் பிடிக்க ஓட வேண்டும். திரும்பி வர மாலை ஆறு மணியாகிவிடும். மகன் இந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிறான். வாரத்தில் மூன்று நாள் ஆறரை தொடக்கம் எட்டு மணி வரை அவனுக்கு ஸூம் வகுப்பு. மகள் பத்தாம் ஆண்டு. மாமனார் இறந்த பிறகு யாழ்ப்பாணத்துச் சில்லாலையிலிருந்து மாமியும் எங்களோடு வந்து இருக்கிறார். அவரால் எந்தத் தொந்தரவும் இல்லை. ஏழு மணிக்குச் செபமாலை சொல்லுவார். பிள்ளைகளின் படிப்புக்கு இடைஞ்சல் என்பதால் அறைக்கதவை மூடிக்கொண்டு சொல்லும்படி கேட்டிருக்கிறோம்; தினமும் அப்படியே செய்கிறார். எனக்குத்தான் செபத்துக்கு நேரம் கிடைப்பதில்லை. ஞாயிறு பூசை தவறுவதில்லை. தொலைபேசியில் செபச் செயலி ஒன்றை இறக்கி, நாலரைக்கு அலாரம் வைத்தும் பார்த்தேன்; இரண்டு கிழமைக்கு மேல் முடியவில்லை. மனம் குற்ற உணர்வில் தவிக்கிறது. அன்றாடச் செபத்துக்கு எப்படி நேரம் ஒதுக்குவது?

– பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்: செபிக்க நேரமில்லை என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் தங்கள் நாளை மணிவாரியாகப் பிரித்து எழுதிவிடுகிறார்கள். இதில் எங்கே இடம் இருக்கிறது, நீயே காட்டு என்று சவால் விடுவதுபோல் இருக்கும். உங்கள் பட்டியலையும் வாசித்தேன். நீங்கள் மாடாய் உழைப்பது தெரிகிறது. கடவுளுக்கு உங்கள் நிலைமை புரியும், மனதை அலட்டிக்கொள்ளாதீர்கள் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அப்படிச் சொல்ல உங்கள் அலுவலகத்திலேயே பத்துப் பேர் இருப்பார்கள்.

எனக்கு உங்கள் மாமியின் அறைக்கதவைத் தாண்டிப் போக முடியவில்லை. மகனுக்கு வகுப்பு வாரத்தில் மூன்று நாள் என்கிறீர்கள். மாமி தினமும் கதவை மூடிக்கொள்கிறார் என்கிறீர்கள். மற்ற நான்கு நாளும் அந்தக் கதவு யாருக்காக மூடியிருக்கிறது? அந்த நான்கு நாளும் ஏழு மணிக்கு உங்கள் முன்னறையில் என்ன நடக்கிறது? நாலே முக்காலிலிருந்து மாலை ஆறு வரை நேரம் தவறாமல் கணக்கெழுதிய நீங்கள், வகுப்பில்லாத நாட்களின் மாலையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. கணக்காளர் ஒருவர் அப்படி விட்டுவிட்டால் எனக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

இன்னொன்றையும் பாருங்கள். உங்கள் வீட்டில் அன்றாடச் செபம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு மாலையும், ஒரே நேரத்தில், ஒரு நாளும் தவறாமல், உங்களிடமிருந்து பத்துப் பதினைந்து அடி தூரத்தில் நடக்கிறது. நீங்களோ தொலைபேசியில் ஒரு செயலியை இறக்கி, விடியுமுன் அலாரம் வைத்து, அது சரிவரவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். வீட்டுக் கிணற்றுக்கு மூடி போட்டுவிட்டுத் தெருவில் போத்தல் தண்ணீர் தேடுகிற கதை இது.

செபம் என்றால் தனியாக, அமைதியாக, அதிகாலையில் என்று யார் சொன்னார்கள் உங்களுக்கு? இயேசு இருட்டோடு எழுந்து தனிமையான இடத்துக்குப் போய்ச் செபித்தார் என்று மாற்கு எழுதுவது உண்மைதான். ஆனால் ஆறேகாலுக்கு வேன் பிடிக்க வேண்டிய பிள்ளைகள் இரண்டு அவருடைய பொறுப்பில் இருக்கவில்லை. துறவிகளின் நேர அட்டவணையை எடுத்துக் குடும்பப் பெண் தன் தலையில் ஏற்றிக்கொண்டால் இரண்டு கிழமையில் அது சரியும். சரிந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை, அதற்காக நீங்கள் வருந்தவும் வேண்டாம். குடும்பத்தின் செபம் குடும்பம் கூடுகிற நேரத்தில்தான் நடக்கும். சத்தமும் சமையல் வாசமும் நடுநடுவே சிணுங்கும் பிள்ளையுமாகத்தான் அது இருக்கும்.

மத்தேயு 6ஆம் அதிகாரத்தை நீங்கள் எனக்கு எடுத்துக் காட்டக்கூடும். உள்ளறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டு செபி என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார், மாமியும் அதைத்தானே செய்கிறார் என்று கேட்கலாம். பிறர் பார்க்க வேண்டும் என்று தெருமூலையில் நின்று செபிக்கிறவர்களைக் கண்டித்துவிட்டு அவர் சொன்னது அது. செபிக்கிறவர் தானாக அடைக்கிற கதவைப் பற்றிய பேச்சு. உனது செபம் எங்களுக்கு இடைஞ்சல் என்று மருமகள் அடைக்கச் சொல்கிற கதவுக்கு அந்த வசனத்தில் இடமில்லை. வேலைப்பளுவைச் சொல்லவும் வேதாகமம் உங்களை விடாது. தாரியு மன்னன் 120 அதிகாரிகளை நியமித்து, அவர்களுக்கு மேல் மூன்று பேரை வைத்தான்; அந்த மூவரில் ஒருவர் தானியேல். உங்கள் அலுவலகத்தில் அவ்வளவு பெரிய பதவி இருக்காது. செபித்தால் சிங்கக் குகை என்ற சட்டம் வந்த பிறகும் அவர் நாளுக்கு மூன்று தடவை முழந்தாளிட்டார், அதுவும் எருசலேமை நோக்கிய பலகணிகளைத் திறந்து வைத்துக்கொண்டு.

சரி, சில்லாலைக்கு வருவோம். மாமியின் ஊர்ப் பெயரை எழுதும்போது அந்த ஊரை யோசித்தீர்களா? ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள், குருக்களை வெளியேற்றினார்கள், குருவுக்கு இடங்கொடுப்பதையும் குற்றமாக்கினார்கள். ஏறத்தாழ முப்பது வருடம் பூசை வைக்கவோ பாவசங்கீர்த்தனம் கேட்கவோ ஊரில் குரு இல்லை. 1687இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரக் கோலத்தில் வந்தார். கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைக் கண்டு யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்துத்தான் கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். பிறகு சில்லாலையில் மறைந்திருந்து பணியாற்றினார். முப்பது வருடத்துக்குப் பிறகும் ஒரு செபமாலையைக் கண்டு முகம் மாற அங்கே ஆட்கள் இருந்தார்கள் என்றால், இடைப்பட்ட காலத்தில் அவர்களுக்கு விசுவாசத்தைக் கொடுத்தது யார்? குருவில்லை, கோவிலில்லை, மறைக்கல்வி வகுப்பில்லை. வீட்டில் கிழவிகள் இருந்தார்கள். மாலையானால் பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்திச் செபம் சொன்னார்கள். அவர்களும் கதவை மூடிக்கொண்டுதான் சொல்லியிருப்பார்கள், ஒல்லாந்தருக்குப் பயந்து. உங்கள் மாமி யாருக்குப் பயந்து மூடுகிறார்?

திருத்தந்தை பிரான்சிஸ் யோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தது 2015 ஜனவரி 14இல், காலிமுகத்திடலில். காலி வீதி வழியே கோட்டைக்குப் போனால் உங்கள் பஸ் தினமும் அந்தத் திடலைக் கடந்துதான் போகும்.

நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் கடவுளுக்கு நேரம் கொடுக்கவில்லையே என்ற கவலை. பத்துக் கட்டளைகளில் முதல் மூன்றைப் பற்றிய கவலை அது. எனக்கு உறுத்துவது தாய் தந்தையரை மதிக்கச் சொல்லும் நான்காவது. கணவனை இழந்து, பிறந்த மண்ணை விட்டு, கொழும்பில் ஒரு மாடி வீட்டின் அறைக்குள் வந்து இருக்கிறார் அந்த அம்மா. அவரிடம் மிச்சமிருக்கும் பெரிய சொத்து அந்த ஏழு மணிதான். ஊரில் அதை அவர் தனியாகச் சொல்லியிருப்பார் என்று நான் நம்பவில்லை. அதையும் இடைஞ்சல் என்று சொல்லிவிட்டு, 'அவரால் எந்தத் தொந்தரவும் இல்லை' என்று எழுதுகிறீர்கள். தொந்தரவில்லாமல் இருப்பதுதான் பெரியவர்களின் கடமையா? வீட்டுக்கு மூத்தவர் செபத்தை நடத்த வேண்டும், மற்றவர்கள் கூடச் சொல்ல வேண்டும். என்னைப் பழங்காலத்து மனுசி என்பவர்கள் சொல்லட்டும். பத்து வயதுப் பையன் இப்போது உங்கள் வீட்டில் என்ன படிக்கிறான் தெரியுமா? பரீட்சை வந்தால் கடவுள் கதவுக்குப் பின்னால் போக வேண்டும், அப்பம்மாவும் அவரோடு போக வேண்டும். புலமைப்பரிசிலில் தேறினாலும் தேறாவிட்டாலும் இந்தப் பாடம் அவனுக்கு மறக்காது. நாளைக்கு உங்களுக்கும் ஒரு கதவு தேடுவான்.

இனி ஆகவேண்டிய காரியம். ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை சொல்ல இருபது நிமிடம் போதும். வகுப்பில்லாத நான்கு நாளும் ஏழு மணிக்குத் தொலைக்காட்சியை நிறுத்துங்கள், எல்லோரும் முன்னறையில் கூடுங்கள், மாமி தொடங்கட்டும். மகளுக்குப் பாடம் அதிகம் என்றால் செபமாலையில் ஒரு பத்து மணிகள் சொல்லி முடியும் வரையாவது அவள் வந்து இருக்கட்டும். அந்தப் பத்தையும் அவளே முன்னின்று சொல்லட்டும். வியாழக்கிழமைகளில் செபமாலையோடு இயேசுவின் பணிவாழ்வைத் தியானித்துச் சொல்லும் ஒளியின் மறையுண்மைகள் 2002இல்தான் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சேர்த்தவை. மாமி சிறுவயதில் மனனம் செய்தவற்றில் அவை இருந்திருக்காது. அவற்றை மகள் வாசித்துக் கொடுக்கலாம்; அப்பம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க அவளிடமும் ஒன்று இருக்கட்டும்.

வகுப்பு நாட்களில் மகனுக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள். அதற்கும் மீறிச் சத்தம் கேட்கிறது என்றால் கதவு மூடியே இருக்கட்டும், ஆனால் நீங்கள் உள்ளே மாமியின் பக்கத்தில் இருங்கள். இரவுச் சாப்பாட்டை யார் பார்ப்பது என்கிறீர்களா? இவ்வளவு நீளக் கடிதத்தில் உங்கள் கணவர் ஓரிடத்திலும் வரவில்லை. செபிக்கிறவர் அவருடைய அம்மா. பருப்பைக் கொதிக்க வைத்து அடுப்பை அணைக்க அவருக்குத் தெரியாதென்றால் இந்தக் கிழமையே பழக்குங்கள். நான்கு நாளும் முன்னறைக்கு அவரும் வர வேண்டும். தகப்பன் இல்லாத செபத்தில் மகன் எவ்வளவு நாள் இருப்பான்?

பஸ்ஸில் செபிக்கலாமா, சமைக்கும்போது செபிக்கலாமா என்றால், தாராளமாகச் செபியுங்கள். ஆனால் அதைக் காட்டி ஏழு மணிச் செபத்தைக் கழித்துவிடாதீர்கள்.

மாமி முதல் தடவை சம்மதிக்க மாட்டார். 'பிள்ளைகள் படிக்கட்டும், நான் அறையிலேயே சொல்லிக்கொள்கிறேன்' என்பார். மருமகள் மனம் கோணக் கூடாதென்று இவ்வளவு நாள் பழகிய வாய் அப்படித்தான் சொல்லும். நல்லதாய்ப் போயிற்று என்று திரும்பி வந்துவிடாதீர்கள். பிள்ளைகளைத் தூது அனுப்பவும் வேண்டாம், கணவரைப் பேசச் சொல்லவும் வேண்டாம். கதவை மூடும்படி கேட்டது தவறு என்று நீங்களே போய்ச் சொல்லி, கையைப் பிடித்து முன்னறைக்குக் கூட்டி வாருங்கள்.