குனிந்து நடந்த பையன்

கேள்வி: எங்களுக்கு மதுரைப் பக்கம். எட்டு வருஷமாக அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். 13 வயது மகன், போன நவம்பரில் பக்கத்து வீட்டுப் பெரியவரோடும் அவர் பேரனோடும் மான் வேட்டைக்குப் போய் வந்தான். முறையாக வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்து, பரீட்சை எழுதி, சான்றிதழும் வாங்கியிருக்கிறான். நல்ல ஆரஞ்சு ஜாக்கெட்டாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தோம். பெரியவருக்கு எழுபது வயது. துப்பாக்கியைத் தோளில் சாத்திக்கொண்டு முன்னால் நடப்பாராம். குழல் முகத்துக்கு நேரே வரும்போதெல்லாம் இவன் குனிந்துகொள்வானாம், சிரித்துக்கொண்டே சொன்னான். மரியாதை தெரிந்த பிள்ளை, அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இந்த வருஷமும் கூப்பிடுகிறார். நாங்கள் கறி தின்பவர்கள்தான். ஆனாலும் மாமியார், 'பிள்ளைக்கு உயிரைக் கொல்லவா பழக்குகிறாய்?' என்று போனில் அழுகிறார். அவன் மனம் கல்லாகிவிடுமோ?
- ஒரு தாய்

பதில்: உங்கள் மாமியாரை அப்புறம் சமாதானம் செய்வோம். வேட்டைக்குப் போய் மனம் கல்லான பிள்ளையைப் பற்றி எனக்கு இதுவரை ஒரு கடிதமும் வந்ததில்லை. வாயைத் திறக்கப் பழகாமல் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி வாராவாரம் வருகிறது.

'குனிந்துகொள்வானாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் நாலு தடவை படித்தேன். மான் சுடும் ரைஃபிளின் தோட்டா மைல் கணக்கில் போகும். ஆறடி தூரத்தில் பின்னால் வரும் பிள்ளை அதற்குக் குனிந்து தப்பிப்பதா? நம் ஊரில் கம்பி ஏற்றிய வண்டி முன்னால் போனால், பைக்கில் போகிற பையன்கூடப் பத்தடி தள்ளித்தானே வருவான்? உங்கள் மகனுக்கு ஆபத்து நன்றாகவே தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் குனிந்தான். தெரிந்தும் சொல்லவில்லை. அதை நீங்கள் மரியாதைக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

ஆரஞ்சு ஜாக்கெட்டைப் பற்றிப் பெருமைப்படாதீர்கள். விஸ்கான்சினில் அது 1980 முதலே சட்டம், நீங்கள் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. அந்த நிறம், தூரத்தில் இருப்பவன் உங்கள் பிள்ளையை மான் என்று நினைத்துவிடாமல் இருப்பதற்கு. முன்னால் நடக்கிறவருக்குப் பின்னால் ஆள் வருவது தெரியாதா என்ன? பேசிக்கொண்டேதான் நடந்திருப்பார்கள்.

'சேஃப்டி போட்டுத்தானே இருப்பார்' என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். சேஃப்டி என்பது துப்பாக்கி தவறி வெடிக்காமல் தடுக்கும் சின்ன இரும்புப் பாகம்தான். தேயும், பழுதாகும், கிளையில் உரசி நகரும். அதனால்தான் எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா இருப்பதாகவே நினை, குழலை ஆளில்லாத பக்கமே வை என்று அந்த வகுப்பில் ஆரம்பிக்கிறார்கள். சுடுகிற நொடி வரை டிரிகர் பக்கம் விரல் போகக்கூடாது என்பதும் அங்கே சொல்வதுதான்.

வரிசையாக நடப்பதற்கும் முறை இருக்கிறது. முதலில் போகிறவரின் குழல் முன்பக்கம் பார்க்க வேண்டும், கடைசியில் வருகிறவருடையது பின்பக்கமோ மேலேயோ. நடுவில் இருப்பவர் இரண்டு கையாலும் மார்புக்குக் குறுக்கே, மேல்நோக்கிப் பிடிக்கலாம். தோளில் சாத்தினால் குழல் பின்னால்தான் பார்க்கும், ஆகவே பின்னால் ஆள் வரும்போது அது கூடவே கூடாது. வேலி தாண்டுவதென்றால் முதலில் தோட்டாவை எடுத்துவிட வேண்டும்.

இதெல்லாம் உங்கள் மகனுக்குத் தெரியும். பெரியவருக்குத் தெரியுமா? அந்த மாநிலத்தில் 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குத்தான் வகுப்பு கட்டாயம். எழுபது வயதுக்காரர் ஒரு நாள்கூட அதில் உட்காராமலே இருந்திருக்கலாம். ஆக, அந்த வரிசையில் பாடம் படித்து வந்தவன் உங்கள் பிள்ளை. அவன் வாயைத்தான் நீங்கள் வீட்டிலேயே தைத்து அனுப்பிவிட்டீர்கள்.

இன்னொன்று. இந்த வயதுப் பிள்ளையோடு தாயோ தகப்பனோ காப்பாளரோ போக வேண்டும். இல்லையென்றால் அவர்கள் தங்களுக்குப் பதிலாக நியமித்த, 18 வயது நிரம்பிய ஒருவர். அப்படியென்றால் அந்தப் பெரியவர் உங்கள் இடத்தில் நீங்களே நிறுத்திய ஆள். அவர் துப்பாக்கியை எப்படிப் பிடிக்கிறார் என்று ஒரு நாளாவது போய்ப் பார்த்தீர்களா? டியூஷன் வாத்தியாரைப் பற்றி நாலு வீட்டில் விசாரிக்கிற சாதி நாம்! உங்கள் கணவர் அந்த மூன்று பேருக்குப் பின்னால், துப்பாக்கி இல்லாமல், ஒரு காலைப் பொழுது நடந்திருக்கலாம். குளிர்கிறது என்றால் பிள்ளைக்கும்தான் குளிர்கிறது.

இன்றைக்குச் சாயங்காலம் ஒட்டடைக் கம்பை எடுங்கள். ஹாலில் மகன் முன்னால், அப்பா நடுவில், நீங்கள் கடைசியில் நில்லுங்கள். மகன் கம்பைத் தோளில் சாத்திக்கொண்டு நாலடி நடக்கட்டும். பின்னாலிருந்து அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்புவான். அவன் திரும்பும்போது கம்பின் நுனி எங்கெல்லாம் போய் வருகிறது என்று பாருங்கள். உங்கள் கணவரின் மூக்கை ஒரு தரமாவது தொடும். பெரியவர் பேச்சு வாக்கில் 'என்னப்பா?' என்று திரும்பியிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் பிள்ளையும் பெரியவர் வீட்டுக்குப் போகட்டும். பேச வேண்டியவன் பையன், அப்பா கூட நின்றால் போதும். 'தாத்தா, நீங்கள் முன்னால் போகும்போது குழல் என் முகத்துக்கு வருகிறது. முன்பக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நான் முன்னால் போகிறேன்.' குரல் நடுங்கினால் நடுங்கட்டும். பெரியவர்களுக்கு அடங்கி நடக்க வேண்டும் என்பதில் எனக்கும் நம்பிக்கை உண்டு, ஆனால் எழுபது வயது மனுஷனை ஒரு பிள்ளையின் சாவுக்குக் காரணமாக விட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது எந்த ஊர் மரியாதை?

பெரியவர் அதற்கு என்ன சொல்கிறார் என்பதைக் கணவர் கவனிக்கட்டும். 'அடடா, சாரி கண்ணா' என்றால் நவம்பரில் அனுப்புங்கள், முதல் நாள் அப்பாவும் போகட்டும். 'ஐம்பது வருஷமாகச் சுடுகிறேன், எனக்கே பாடமா?' என்றால் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

மான் கறி கொடுத்தனுப்பினால் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். கொழுப்பில்லாத கறி, நல்லெண்ணெய் தாராளமாக வேண்டும். மாமியாரிடம் சொல்லத் தேவையில்லை.