நண்பகலில் எடுத்த குகைக் கல்வெட்டுப் படம்

வணக்கம். பண்டாரவளைக்கு அப்பாலுள்ள குகையொன்றில் நண்பகலில் எடுத்த பிராமிக் கல்வெட்டுப் படத்தை எந்தச் செயலி வாசித்துத் தரும் என்றும், டிஸ்ட்ரெச் ஏன் உதவவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். டிஸ்ட்ரெச் என்னும் படமென்பொருள் பாறை ஓவியங்களின் மங்கிய நிறங்களைப் பிரித்துக் காட்டவே உருவானது. உங்களிடம் இருப்பதோ நிறமற்ற வெட்டுப் பள்ளம். பள்ளத்தைக் காட்டுவது நிழல்தான்.

ஆகவே மப்பும் மந்தாரமுமான ஒரு நாளில் (நம் மலைப்பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை) கைத்தொலைபேசியை முக்காலியில் அசையாமல் நிறுத்தி, எழுத்துக்கு அருகே பளபளப்பான கறுப்பு உருண்டையொன்றை வைத்து, டோர்ச்சை ஒரே தூரத்தில் பிடித்தபடி, ஒளி வரும் திசையையும் சாய்வையும் மட்டும் மாற்றி நாற்பது படங்களாவது எடுங்கள். உருண்டையில் மின்னும் புள்ளியைக் கொண்டு ஒளியின் திசையைக் கணிக்கும் ஆர்.டி.ஐ. (Reflectance Transformation Imaging) மென்பொருள், அப்படங்களை ஒன்றாக்கித் திரையிலேயே வெளிச்சத்தை நகர்த்திப் பார்க்க விடும். இம்முறைக்கு இணையாக எளிய வழி வேறில்லை என்பது என் எண்ணம்.

எழுத்துகளில் சோக்கு மட்டும் தடவாதீர்கள். தடவியவரின் ஊகமே பிறகு எழுத்தாகிவிடும்.

வாசிப்பை நீங்களேதான் செய்ய வேண்டும். குகையைக் கொடையளித்ததைச் சொல்லும் இத்தகைய கல்வெட்டுகளில் குகையைக் குறிக்கும் 'லெணெ', பௌத்த சங்கத்துக்கு உரியது என்னும் 'சகஸ' ஆகிய சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால், முதலில் அவற்றைத் தேடுங்கள். பின்னர் 1970 இல் வெளியான தொல்லியலாளர் பரணவிதானவின் இலங்கைக் கல்வெட்டுத் தொகுதியோடு ஒப்பிட்டு, ஐயமான எழுத்துகளின் கீழே புள்ளியிட்டு இங்கே இடுங்கள்.