ரெக்கார்டர் குழலில் ‘ஜி’ சுரம் ஊதும்போது கீச்சொலி

‘ஜி’யை இந்த வாரம் நிறுத்திவிட்டு, ‘பி’ சுரம் ஒன்றை மட்டும் வைத்து மாணவர்களை விளையாட விடுங்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உங்கள் நான்காம் ஆண்டு மாணவர்கள் ‘பி’யிலிருந்து ‘ஜி’க்கு இறங்கும்போது கீச்சிடுவதற்கு, இடக்கை மோதிர விரல் துளையை முழுதாக மூடாததே பெரும்பாலும் காரணம்.

விரல்களை அழுத்தி ஐந்து வரை எண்ணியபின் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் நுனியில் துளையின் வட்டம் முழுதாகப் பதியாமல் பிறைபோல் தெரிந்தால், அங்கேதான் காற்று கசிகிறது. பின்புறத்துக் கட்டைவிரலையும் பாருங்கள், அதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

‘ரொட்டி சானாய்’, ‘தே தாரிக்’ என்ற உணவு, தேநீர்ப் பெயர்களின் தாளத்தை நீங்கள் ‘பி’யில் ஊத, அவர்கள் ‘து’ என்று நாவால் மெல்லத் தொடங்கித் திருப்பி ஊதட்டும். பிறகு ‘ஏ’, அதன்பின் ‘ஜி’.

வட்டம் சரியாகப் பதிந்தும் கீச்சிட்டால், குறை விரலில் இல்லை. மூச்சைத்தான் குறைக்க வேண்டும்.