குடலைக்கு வந்த பயிரும் பிந்தி வந்த யூரியாவும்

வணக்கம் ஐயா,

தெற்காசிய நாடுகள் பொருளாதாரத்திலும் அரசியலிலும் ஒன்றுசேர வேண்டும், சின்ன நாடுகளுக்குத்தான் அது கூடுதலாகத் தேவை என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 2014 காத்மாண்டுவுக்குப் பிறகு, தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் உச்சிமாநாடு நடக்கவே இல்லை. 2022இல் இலங்கையில் டொலர் தீர்ந்து நெருக்கடி வந்தபோது எங்களுக்குக் கைகொடுத்தது இந்தியா. நேரே டில்லியோடு பேசினால் போதாதா? செத்த அமைப்பு எதற்கு?

- பல்கலைக்கழக மாணவன், வந்தாறுமூலை

அன்புள்ள தம்பி,

கைகொடுத்தது இந்தியாதான். கடனும் உதவியுமாகக் கிட்டத்தட்ட 4 பில்லியன் டொலர். அதை மறந்தால் நாங்கள் மனிதரில்லை. ஆனால் அந்தக் கை வந்த நேரத்தையும் பார்க்க வேண்டும்.

என் மாமாவுக்குப் படுவான்கரையில் 3 ஏக்கர் வயல். 2021இல் இரசாயனப் பசளையை நிறுத்தியது எங்கள் அரசாங்கமே. அதில் அயலவர் எவருக்கும் பங்கில்லை. தடை நீங்கிய பிறகும் வாங்க டொலர் இல்லை. 2022 சிறுபோகத்தில் வட்டை முழுக்கப் பயிர் மஞ்சளாக நின்றது. இந்தியக் கடனில் யூரியா வந்து இறங்கியது ஜூலையில். மாமா வரிசையில் நின்று ஒரு அந்தர் வாங்கி, சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். வரம்பில் நின்று ஒரு பயிரைப் பிடுங்கி, நகத்தால் தண்டைக் கீறிக் காட்டினார். உள்ளே கதிர் திரண்டிருந்தது. "குடலைக்கு வந்திட்டு மருமகன். ஒரு மாசம் முன்னுக்கு வந்திருந்தா கதை வேற" என்றார்.

அந்த யூரியாவுக்கான கடன் ஒப்பந்தம் கையெழுத்தானதே ஜூனில்தான். முட்டுப்பட்ட பிறகு கேட்டு, பேசி, கையெழுத்து வைத்து, கப்பல் ஏற்றி வர அவ்வளவு காலம் எடுக்கும். யாரையும் குறை சொல்ல முடியாது. இன்ன நிலை வந்தால் இன்னது கிடைக்கும் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கவில்லை, அதுதான் குறை.

அப்படி எழுதி வைத்த ஒன்று இருந்தது, தம்பி. 2012இல் இந்திய ரிசர்வ் வங்கி சார்க் நாடுகளுக்கென்று நாணயப் பரிமாற்ற ஏற்பாடு ஒன்றைத் தொடங்கியது. டொலர் முட்டுப்பட்ட நாடு தன் நாணயத்தைக் கொடுத்து, கொஞ்சக் காலத்துக்கு டொலர் வாங்கிக்கொள்ளும் வழி அது. 2022 ஜனவரியில் இலங்கைக்கு 400 மில்லியன் டொலர் கிடைத்தது அதன் கீழ்தான். பணம் இந்தியாவினுடையது, முடிவும் இந்தியாவினுடையது. என்றாலும் வழி முன்பே வெட்டியிருந்தது.

சார்க்கிடம் உணவுக் கையிருப்பு என்றும் ஒன்று இருந்தது. 1988இல் 2 லட்சம் தொன் தானியத்தோடு தொடங்கியது. தானியம் அந்தந்த நாட்டின் களஞ்சியத்திலேயே இருக்கும். தேவைப்படுகிற நாடு கேட்டுப்போய், விலையையும் நிபந்தனையையும் கொடுக்கிற நாட்டோடு தனியாகப் பேச வேண்டும். பசியோடு போய் விலை பேசுகிறவன் என்ன பேசுவான்? நீங்கள் சொல்லும் நேரடிப் பேச்சும் இதே மாதிரித்தான். இரண்டு பேர் மட்டும் இருக்கிற மேசையில் எங்கள் பக்கம் எப்போதும் இளைத்த பக்கம். நேபாளமும் பூட்டானும் மாலைதீவும் பக்கத்தில் இருந்தால், எல்லாருக்கும் ஒரே விதி என்று கேட்கவாவது முடியும்.

சார்க் படுத்ததற்குக் காரணம் இந்தியா-பாகிஸ்தான் சண்டை என்பார்கள். 2016 இஸ்லாமாபாத் மாநாடு நின்றது அதனால்தான், சரி. ஆனால் 1985இல் எழுதிய சாசனத்தின் 10ஆம் உறுப்புரை, எல்லா முடிவும் ஏகமனதாக இருக்க வேண்டும், இருதரப்புப் பிணக்குகளைப் பேசக் கூடாது என்கிறது. சண்டையைப் பேசவும் முடியாது, ஒருவர் முறுகினால் மற்றவர்கள் நகரவும் முடியாது. 2006இல் சாப்டா என்ற தடையற்ற வணிக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தும் எங்களுக்குள் நடக்கும் வணிகம் மொத்தத்தில் 5 வீதமளவில்தான் கிடக்கிறது. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் அது 20 வீதத்துக்கு மேல்.

செத்தது என்கிறீர்கள். கென்யா, உகண்டா, தன்சானியா சேர்ந்த கிழக்கு ஆபிரிக்கச் சமூகம் 1977இல் உடைந்தது. உகண்டாவும் தன்சானியாவும் அடுத்த வருடமே போருக்குப் போனார்கள். அதே மூன்று நாடுகள் 2000இல் அதைத் திரும்பத் தொடங்கின. இன்று அதில் 8 நாடுகள்.

அந்த 10ஆம் உறுப்புரையை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இரண்டே வரிதான். அதை எப்படி மாற்றி எழுதலாம் என்று உங்களுக்குத் தோன்றுவதை எனக்கு எழுதுங்கள்.